ஒட்டுக்கேட்டவர்களும் ஒப்படைத்தவர்களும்: சங்கேத உடைப்பின் வரலாற்றுக்கு நம்மிடம் ஏன் அருங்காட்சியகம் இல்லை?

1. கேள்வி

பிரிட்டனில் ஹாம் ரேடியோ சங்கங்களும் கணித மன்றங்களும் பழைய கணினிகளில் பைத்தியமாக இருப்பவர்களும் விடுமுறை நாளில் வண்டி பிடித்துப் போய்ப் பார்க்கும் இடம் பிளெட்ச்லி பார்க். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியரின் எனிக்மா, லோரன்ஸ் சங்கேதங்களை உடைத்த மாளிகையும் கொட்டகைகளும் அங்கேதான் இருக்கின்றன. கோலார் தங்கவயலில் வானொலியிலும் கணக்கிலும் ஆர்வமுள்ள நாலு பேர் சேர்ந்து அதே போல ஒரு நாள் பயணம் போக நினைத்தால், மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி எங்கே போய் இறங்குவார்கள்?

இது வீண் கேள்வி அல்ல. அந்த ரயில் போய்ச் சேரும் பெங்களூரில், தங்கவயலிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில், போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவ வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்ட நிலையம் ஒன்று இயங்கியது. டெல்லியில் இருந்த ‘வயர்லெஸ் எக்ஸ்பெரிமென்டல் சென்டர்’ என்ற தலைமை நிலையத்தின் மேற்குத் துணை நிலையம் அது. கிழக்குத் துணை நிலையம் கல்கத்தாவை அடுத்த பாரக்பூரில் இருந்தது. இந்தப் பணியைச் சொல்வதற்கென்று ஓர் அருங்காட்சியகம் டெல்லியிலோ பெங்களூரிலோ கொழும்பிலோ எழவில்லை. ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சங்கேதம் தங்கவயலுக்கு அந்நியமான பொருளும் அல்ல. 1880 முதல் இங்கே சுரங்கங்களை நிர்வகித்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் லண்டன் நிறுவனம். பங்குதாரர்களும் பங்குச் சந்தையும் அங்கே, தங்கம் இங்கே. கடலடித் தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். ஒரு முழு வாக்கியத்தையே ஒற்றைச் சொல்லில் அடக்கும் வணிகச் சங்கேத அகராதிகள் அதனால்தான் பெருகின. சுரங்கத் தொழிலுக்கென்றே பெட்ஃபோர்டு மெக்நீல், மோரிங் அண்ட் நீல் போன்றவர்களின் தனி அகராதிகள் அச்சாகி விற்பனையில் இருந்தன. ஷாஃப்டில் தண்ணீர் ஏறியதும் புதிய ரீஃப் தட்டுப்பட்டதும் பங்கு விலையை அசைக்கக்கூடிய செய்திகள். சங்கேதம் காசையும் மிச்சப்படுத்தியது, தந்தி அலுவலகக் குமாஸ்தாவின் கண்ணிலிருந்து விஷயத்தையும் ஓரளவு மறைத்தது. ராணுவச் சங்கேதப் புத்தகமும் அடிப்படையில் இதே வகைதான். அதன்மேல் ஒரு பூட்டு கூடுதலாகப் போட்டிருப்பார்கள்.

2. இங்கே நடந்தது

பிளெட்ச்லியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புபவருக்கு, இந்த வேலையெல்லாம் இங்கிலாந்தில் பிறந்து அங்கேயே முடிந்தது என்ற எண்ணம் வரக்கூடும். உண்மையில் பிரிட்டனின் தலைசிறந்த சங்கேத நிபுணர்களில் ஒருவரான ஜான் டில்ட்மன், 1921 முதல் 1929 வரை சிம்லாவில் இந்திய ராணுவத் தலைமையகத்தில் உட்கார்ந்து சோவியத் தந்திகளை உடைத்தவர். பிளெட்ச்லி மாளிகையை உளவுத்துறை வாங்கியதே 1938இல்தான்.

டெல்லி நிலையம் ஆனந்த் பர்பத் குன்றின் மேல், ராம்ஜஸ் கல்லூரிக் கட்டடங்களில் இருந்தது. ஜப்பானியத் தரைப்படையின் ‘நீர்வழிப் போக்குவரத்துச் சங்கேதம்’ 1943 ஏப்ரலில் இங்கே உடைபட்டது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருந்த நேச நாட்டு நிலையமும் ஏறத்தாழ அதே நேரத்தில் அதைச் சாதித்தது. ஜப்பானியத் தரைப்படையின் உயர்மட்டச் சங்கேதங்களில் முதலில் விழுந்தது இதுதான். டெல்லியில் அதைச் செய்தவர்கள் வில்ஃபிரட் நாய்ஸும் மாரிஸ் ஆலனும். செய்தியின் தொடக்கத்தில் வரும் ஓர் எண் குழுவின் முதல் இலக்கம் தற்செயலாக வரவில்லை, அதில் ஏதோ ஒழுங்கு இருக்கிறது என்று கண்டதே திறவுகோல். நாய்ஸ் மலையேறி. 1953இல் எவரெஸ்ட் வென்ற குழுவில் இருந்தவர் என்ற முறையில் அவரை நினைப்பவர்களே அதிகம்.

கொழும்பின் கதை இன்னும் அலைச்சல் மிகுந்தது. பிரிட்டிஷ் கடற்படையின் தூரகிழக்கு ஒட்டுக்கேட்பு அமைப்பு ஹாங்காங்கிலிருந்து 1939இல் சிங்கப்பூருக்கும், சிங்கப்பூர் விழும் தறுவாயில், 1942 ஜனவரியில், கொழும்புக்கும் வந்தது. பெம்புரோக் என்ற பள்ளியில் அது கடை விரித்தது. மார்ச் மாத இறுதியில், ஜப்பானியக் கடற்படை ஏதோ ஓர் இடத்தைத் தாக்கப்போகிறது என்பது தெரிந்தது. இடத்தின் பெயர் இரண்டெழுத்துக் குறியீட்டில் இருந்ததால் எது என்று பிடிபடவில்லை. பிறகு வந்த ஒரு செய்தியில் ஜப்பானிய அலுவலரே பொறுமையிழந்தவர் போல ‘கோ-ரோ-ன்-போ’ என்று எழுத்துக்கூட்டி அனுப்பிவிட்டார் என்று அங்கே பணியாற்றியவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தாங்கள் உட்கார்ந்திருக்கும் ஊரின் பெயரையே அவர்கள் கண்டெடுத்தார்கள்.

அந்தக் கண்டுபிடிப்பின் பலன் பாதிதான். தாக்குதல் ஏப்ரல் 1ஆம் தேதியை ஒட்டி வரும் என்று கணித்து அட்மிரல் சோமர்வில் கப்பல்களோடு கடலில் காத்திருந்தார். எதிரி வரவில்லை. எரிபொருளும் தண்ணீரும் நிரப்ப மாலத்தீவின் அட்டூ பவளத்தீவுக்குப் போனார். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பின் மேல் குண்டு விழுந்தது. அன்றே கார்ன்வால், டார்செட்ஷயர் கப்பல்களும், திருகோணமலை தாக்கப்பட்ட 9ஆம் தேதி ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கின. இடையே 6ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அடுத்த சில நாட்களில் சென்னையிலிருந்து மூட்டைமுடிச்சுகளோடு கிளம்பிய குடும்பங்கள் எத்தனையோ. ‘எவாக்குவேஷன்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதை இந்த வாரத்தைச் சேர்ந்தது. அந்தக் கதையில் ஜப்பான்காரன் உண்டு, வதந்தி உண்டு, வாடகைக்கு ஆளில்லாத வீடுகள் உண்டு. கொழும்புப் பள்ளிக்கூடத்தில் எண்களைக் கழித்துக்கொண்டிருந்தவர்கள் மட்டும் கிடையாது.

தாக்குதலுக்குப் பிறகு அந்த அமைப்பு கிழக்கு ஆப்பிரிக்காவின் மொம்பாசா அருகே கிலிண்டினிக்குப் போனது. அங்கே தங்கியதும் ஒரு பள்ளியில்தான்; அலிடினா விஸ்ராம் என்ற இந்திய வணிகரின் பெயரால் அமைந்த பள்ளி. 1943இல் கொழும்புக்குத் திரும்பி, ஆண்டர்சன் கோல்ஃப் மைதானத்தில் ‘எச்.எம்.எஸ். ஆண்டர்சன்’ என்ற பெயரில் நிலைகொண்டது. பெயர்தான் கப்பலுக்கு உரியது, இருந்தது தரையில்.

3. ஓர் எண் குழு, கிட்டத்தில்

எனிக்மா என்றால் பளபளக்கும் பெட்டி, சுழலும் சக்கரம். கொழும்பிலும் டெல்லியிலும் எதிர்கொண்டது பெரும்பாலும் வேறு வகை. ஜப்பானியக் கடற்படையின் ஜே.என்.-25 என்று நேச நாடுகள் பெயரிட்ட சங்கேதத்தை எடுத்துக்கொள்வோம். அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஐந்திலக்க எண் உண்டு. ஒரு சொல்லுக்கு 27345 என்று வைத்துக்கொள்ளலாம். அதை அப்படியே அனுப்பமாட்டார்கள். இன்னொரு புத்தகத்திலிருந்து ஏதோ ஓர் எண்ணை, உதாரணமாக 58162ஐ எடுத்து, மீதியைப் பக்கத்து இலக்கத்துக்குக் கொண்டுபோகாமல் கூட்டுவார்கள். 2ம் 5ம் 7. 7ம் 8ம் 15, அதில் 5 மட்டும். 3ம் 1ம் 4. 4ம் 6ம் 10, அதில் 0 மட்டும். 5ம் 2ம் 7. வானொலியில் போவது 75407.

ஒட்டுக்கேட்டவர் கையில் இருப்பது இந்த 75407 மட்டுமே. உடைக்க வழி கொடுத்தது ஜப்பானியரின் முன்ஜாக்கிரதையேதான். அனுப்புகையில் பிழை நேர்ந்தால் உடனே தெரியட்டும் என்று, அகராதி எண்கள் எல்லாமே மூன்றால் வகுபடுமாறு அமைத்திருந்தார்கள். 27345ஐக் கூட்டிப் பாருங்கள், 21 வரும். ஒரே கூட்டெண் பயன்பட்ட பல செய்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஊகித்த கூட்டெண்ணை எல்லாவற்றிலும் கழித்துப் பார்க்கிறோம். விடைகள் அத்தனையும் மூன்றால் வகுபட்டால் ஊகம் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று வகுபடாவிட்டாலும் அடுத்த ஊகத்துக்குப் போகவேண்டியதுதான். இதைப் பகலிரவாகப் பல பேர் செய்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் கொடுத்தால் அரை மணியில் பிடித்துக்கொள்ளும். காட்சிக்கு வைக்க ஒன்றுமில்லை என்ற வாதத்தைப் பரிசீலிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

4. வழக்கமான மூன்று விளக்கங்கள்

அருங்காட்சியகம் இல்லாமைக்கு முதலில் சொல்லப்படுவது ரகசியம். உளவு வேலையை எந்த அரசும் வெளியே சொல்லாது என்பார்கள். பிரிட்டனும் சொல்லவில்லைதான். பிளெட்ச்லியின் பணியை வெளிப்படுத்திய விண்டர்பாதமின் ‘தி அல்ட்ரா சீக்ரெட்’ வெளிவந்தது 1974இல். அதுவரை கணவனுக்கு மனைவியும் மனைவிக்குக் கணவனும் சொல்லாமல் வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. லோரன்ஸை உடைக்க உதவிய கொலோசஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றைப் போர் முடிந்ததும் பிரித்துப் போட்டார்கள். அவற்றை வடிவமைத்த டாமி ஃபிளவர்ஸ் வரைபடங்களைத் தீயிலிட நேர்ந்தது. இவ்வளவு கடுமையாகப் பூட்டிவைத்த இடத்திலும் அருங்காட்சியகம் எழுந்துவிட்டது. எனவே ரகசியம் தாமதத்துக்குக் காரணமாகலாம், இன்மைக்குப் போதாது.

இரண்டாவது, அது அவர்களுடைய போர், நமக்கென்ன என்பது. உணர்வாக இது புரிகிறது. ஆனால் வெள்ளைக்காரன் போட்ட ரயில் பாதை, கட்டிய கலங்கரை விளக்கம், நட்ட தேயிலைச் செடி எல்லாவற்றுக்கும் நாம் அருங்காட்சியகம் வைத்திருக்கிறோம். 2013 ஜூலையில் தந்திச் சேவை முடிவுக்கு வந்தபோது கடைசித் தந்தியை நினைவுப் பொருளாக அனுப்பிவைக்க வரிசையில் நின்றவர்களும் நாமே. காலனியப் பொருள் என்பதற்காக நாம் எதையும் ஒதுக்கிவிடவில்லை.

மூன்றாவது பருப்பொருள் சார்ந்தது. இதில் உண்மை அதிகம். டெல்லியிலும் கொழும்பிலும் மொம்பாசாவிலும் இருந்தவை கடன் வாங்கிய கல்விக்கூடங்கள். போர் முடிந்ததும் அவை பள்ளியாகவும் கல்லூரியாகவும் திரும்பின. கரும்பலகையைக் கழுவியதோடு கதை முடிந்தது. பிளெட்ச்லியோ போருக்குப் பின்னும் அரசுத் துறைகளின் பயிற்சிக்கூடமாகவே நீடித்ததால் கொட்டகைகள் தப்பின. இருந்தாலும், கட்டடம் தப்பியது மட்டும் அதை அருங்காட்சியகமாக்கிவிடவில்லை. 1991இல் அதையும் இடித்துவிட்டு வீடு கட்டும் திட்டம் தயாராகவே இருந்தது.

5. பொழுதுபோக்காளர் செய்த வேலை

அந்தத் திட்டத்தைத் தடுத்தது உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களின் சங்கம். 1991 அக்டோபரில் முன்னாள் ஊழியர்களுக்கு ஒரு பிரிவுபசார விழா நடத்தலாம் என்று அழைத்தார்கள். நானூறு பேர் அளவுக்கு வந்து கதை சொன்னார்கள். கேட்டவர்களுக்கு இடத்தை விட மனம் வரவில்லை. 1992 பிப்ரவரியில் அறக்கட்டளை உருவானது. டோனி சேல் என்ற பொறியாளர், கைக்கு எட்டிய சில புகைப்படங்களையும் பழைய பொறியாளர்கள் சட்டவிரோதமாக வைத்திருந்த துண்டுக் காகிதங்களையும் கொண்டு கொலோசஸை மீண்டும் கட்டத் தொடங்கினார். 1996இல் அது ஓடியது. ஜான் ஹார்ப்பரின் தன்னார்வக் குழு எனிக்மாவை உடைத்த ‘பாம்ப்’ பொறியைப் பல ஆண்டு உழைத்து உருவாக்கியது. ஓய்வுபெற்ற பொறியாளர்களின் ஞாயிற்றுக்கிழமைகளால் ஆன அருங்காட்சியகம் அது. (சச்சரவுகளும் உண்டு. பிளெட்ச்லி அறக்கட்டளைக்கும் அதே வளாகத்திலுள்ள கணினி அருங்காட்சியகத்துக்கும் மனக்கசப்பு முற்றி, 2014இல் நடுவே வேலி எழும்பியது. சங்கம் நடத்திப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.)

இதில் கவனிக்கவேண்டிய ஆழமான தொடர்ச்சி ஒன்று இருக்கிறது. போர்க்காலத்தில் ஒட்டுக்கேட்டவர்களிலும் ஒரு பகுதியினர் இதே பொழுதுபோக்காளர்கள். ஜெர்மானிய உளவாளிகளின் மெலிந்த சமிக்ஞைகளைத் தேட, ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவில் ஹாம் ரேடியோ ஆர்வலர்களை பிரிட்டன் ரகசியமாகச் சேர்த்தது. வீட்டு அறையில், வேலை முடிந்த இரவில், காதில் ஹெட்போனோடு கேட்டதை எழுதி ‘அஞ்சல் பெட்டி 25, பார்னெட்’ என்ற முகவரிக்கு அனுப்புவார்கள். அந்தத் தாள்களிலிருந்துதான் ஜெர்மானிய உளவுத்துறையின் சங்கேதங்களுக்கு முதல் பிடி கிடைத்தது. வரலாற்றாசிரியராகப் பின்னர் புகழ்பெற்ற ஹியூ டிரெவர்-ரோப்பர் அதை உடைத்தவர்களுள் ஒருவர்.

2007இல் மறுகட்டுமான கொலோசஸுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். ஜெர்மனியின் பாடர்போர்னிலிருந்து லோரன்ஸ் சங்கேதச் செய்தி வானில் ஒலிபரப்பாகும், யார் முதலில் உடைக்கிறார்களோ அவருக்கு வெற்றி. கொலோசஸை முந்தி வென்றவர் பான் நகரின் யோவாகிம் ஷூட். அவரும் ஹாம்தான். தானே ஆண்டெனாவில் பிடித்து, தானே எழுதிய நிரலை மடிக்கணினியில் ஓட்டி, சங்கேத அமைப்பை ஒரு நிமிடத்துக்குள் கண்டுவிட்டார். கொலோசஸுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. சேலுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

6. சென்னை 1924, பம்பாய் 1942

நம் பக்கம் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லாமல் போனார்களா என்றால், அதுவும் இல்லை. இந்தியாவில் வானொலியைத் தொடங்கியவர்களே பொழுதுபோக்குக் குழுக்கள்தான். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் 1924 மே 16 அன்று ‘மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்’ உருவாகி, ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. பணமுடையால் 1927இல் நின்றது. கருவிகளை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். 1930இல் மாநகராட்சி ஒலிபரப்பை எடுத்து நடத்தியது. அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது 1938இல்தான். அரசுக்கு முன் சங்கம் இருந்த ஊர் இது.

1939இல் போர் வந்ததும் பாதை பிரிந்தது. லண்டனில் ஹாம் ஆர்வலரின் கதவைத் தட்டிய அதிகாரி ரகசியப் பணி கொடுத்தார். இந்தியாவில் தட்டிய அதிகாரி ஒலிபரப்புக் கருவியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னார். நம்பத்தகாத குடிமக்களின் கையில் அனுப்பியும் ஏற்பியும் இருக்கக்கூடாது என்பது அரசின் தர்க்கம். ஹாம் ஆர்வலரான நரிமன் பிரிண்டர் தன் கருவியின் பாகங்களை மறைத்துவைத்து 1940இல் ஒலிபரப்ப முயன்று பிடிபட்டார். 1942 ஆகஸ்ட் 27 அன்று பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் தொடங்கிய காங்கிரஸ் ரேடியோவுக்குத் தொழில்நுட்பம் தந்தவரும், கடைசியில் காவல்துறையின் பக்கம் சாய்ந்தவரும் அவரே. நவம்பர் 12 அன்று நிலையம் கைப்பற்றப்பட்டது.

காங்கிரஸ் ரேடியோவில் என்ன பேசினார்கள் என்பது இன்று நமக்குத் தெரிவதே, காவல்துறை ஒட்டுக்கேட்டுத் தட்டச்சு செய்துவைத்த தாள்களால்தான். உஷா தாக்கர் 2021இல் வெளியிட்ட நூல் அந்தப் பதிவுகளை நம்பியே நிற்கிறது. என் வாதத்தின் மையம் இங்கே இருக்கிறது. ஒட்டுக்கேட்பின் வரலாற்றில் இந்தியர்கள் பெரும்பாலும் ஆவணத்தில் கேட்கப்பட்டவர்களாகவே வருகிறார்கள். கேட்டவர்களாக இருந்த இந்தியர்களும் உண்டு. டெல்லி நிலையத்திலும் துணை நிலையங்களிலும் இந்திய ராணுவத்தினரும் எழுத்தர்களும் வேலை பார்த்தார்கள். ஆனால் அந்த நிலையங்களைப் பற்றி நம்மிடமுள்ள நூல்கள் ஆலன் ஸ்டிரிப் போன்ற பிரிட்டிஷ் அதிகாரிகளின் நினைவுகளும், லண்டனின் கியூ ஆவணக் காப்பகத்தைத் துழாவிய மைக்கேல் ஸ்மித் போன்றவர்களின் ஆய்வுகளுமே. அவற்றில் அதிகாரிக்குப் பெயர் இருக்கும், குணம் இருக்கும், மலையேற்றம்கூட இருக்கும். இந்திய ஊழியர் ‘ஊழியர்கள்’ என்ற பன்மையில் வந்து போவார். 1991இல் பிளெட்ச்லியில் நடந்தது போல ஒரு பிரிவுபசார விழா பெங்களூரில் நடத்த யாராவது நினைத்திருந்தால், அழைப்பிதழில் எழுதப் பெயர்ப் பட்டியல் இருந்திருக்காது.

இலங்கையில் இதற்கு ஒரு விசித்திரமான மறுபக்கம் உண்டு. தென்கிழக்கு ஆசியப் படைத்தலைமை கொழும்பில் நடத்திய வானொலி போருக்குப் பின் இலங்கை அரசிடம் வந்து ரேடியோ சிலோன் ஆனது. அதன் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இரு கரையிலும் இருக்கிறது. போர் விட்டுச்சென்ற ஒலிபரப்பியை நாம் கொண்டாடி எடுத்துக்கொண்டோம். அதே ஊரில், அதே ஆண்டுகளில் இயங்கிய ஏற்பியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

7. எதிர்ச்சான்று, பிறகு ஒரு யோசனை

அருங்காட்சியகம் பிறக்க நம்பப்பட்ட பொழுதுபோக்காளர் தேவை என்ற இந்த வாதத்துக்கு எதிரான வலுவான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. மேரிலாந்தின் தேசியச் சங்கேதவியல் அருங்காட்சியகம் 1993இல் என்.எஸ்.ஏ. உளவு நிறுவனமே, தன் வாசலில் இருந்த ஒரு மோட்டல் கட்டடத்தை வாங்கித் திறந்தது. அரசு நினைத்தால் சங்கம் இல்லாமலும் நடக்கும் என்பதற்கு அது சான்று. நம்மிடமும் ஜபல்பூரில் ராணுவத் தகவல் தொடர்புப் படைக்கு அருங்காட்சியகம் உண்டு. ஆனால் நிறுவனம் தானே வைக்கும் அருங்காட்சியகம் படையின் பெருமையைத்தான் முன்னிறுத்தும். காலனிய நிலையத்தின் எழுத்தருக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உளவு அமைப்புகளுக்கு விலக்கு அளித்திருப்பதால், அரசு வழியாகக் கேட்டுப் பெறும் பாதையும் குறுகலானது.

ஆகவே தங்கவயல் ஆர்வலர்கள் பார்க்கப் போகும் பயணத்தைவிடத் தேடிப் போகும் பயணம் பலன் தரும் என்று நினைக்கிறேன். 1943இல் இருபது வயதில் பெங்களூரில் ஹெட்போன் மாட்டியவர் இன்று இருந்தால் நூறைத் தாண்டியிருப்பார். வாய்மொழிச் சாட்சிக்குக் காலம் கடந்துவிட்டது. ஆனால் ராணுவத்தில் ‘சிக்னல்’ வேலை பார்த்ததாக மட்டும் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த தாத்தாக்கள் பெங்களூரிலும் வேலூரிலும் தங்கவயலிலும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பணியாற்றிய யூனிட்டின் பெயரும் தேதியும் இருக்கும். ‘வயர்லெஸ் சப்-சென்டர்’ என்று ஒரு வரி அதில் கண்ணில் பட்டால், கியூ காப்பகத்தின் எச்.டபிள்யூ. வரிசைக் கோப்புகளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வரலாற்றுப் பட்டம் இதற்குத் தேவையில்லை. மெலிந்த சமிக்ஞையை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கப் பழகிய ஹாம்களுக்கு இந்த வேலை கைவந்ததே. ஒன்றுதான் வேடிக்கை: ஹாம் உரிமம் பெற்றவர் வானில் சங்கேதத்தில் பேசக்கூடாது, எதைச் சொன்னாலும் திறந்த மொழியில்தான் சொல்ல வேண்டும் என்பது உலகெங்கும் அவர்களைக் கட்டுப்படுத்தும் விதி.